கிலோமீட்டர் கணக்குக்குள் போர்வெல் வண்டியின் புகை அடங்காது

பழைய டீசல் இஞ்சினை மாற்ற அரசு பணம் தரும் டீசல் இஞ்சின் மேம்பாட்டு உதவிக்காக, புகை எவ்வளவு குறையும் என்ற உமிழ்வுக் குறைப்புக் கணக்கைத் தயாரித்த அதிகாரிகளுக்கும் ஆலோசகர்களுக்கும், திருச்செங்கோட்டில் டீசல் பம்ப் ரூம் (இஞ்சினுக்கு டீசல் தள்ளும் பம்பைச் சரிசெய்யும் பட்டறை) வைத்திருக்கும் ஒருவன் எழுதும் திறந்த மடல்.

அய்யா, அம்மா,

போன மாதம் நடந்த கூட்டத்தில் நீங்கள் திரையில் காட்டிய பட்டியலில், ஆழ்துளைக் கிணறு போடுகிற போர்வெல் வண்டிக்கு நேராக ‘சேர்க்கத் தேவையில்லை’ என்று போட்டிருந்தது. பக்கத்துக் கட்டத்தில் காரணமும் இருந்தது. ஒரு வண்டியின் பழைய இஞ்சினை எடுத்துவிட்டுப் புதியது வைத்தால் ஆண்டுக்கு இரண்டு கிலோ துகள்கூட (புகையில் வருகிற கரித்தூள்) குறையாது, ஆகும் செலவுக்கு அது கட்டுப்படியாகாது என்று. நான் எழுந்து, “எந்த இஞ்சினுங்க?” என்று கேட்டேன். “வண்டி இஞ்சின்தான்” என்றீர்கள். “மேலே இருக்கிற கம்ப்ரசர் இஞ்சினுங்க?” என்றேன். “அதுக்கு டேட்டா இல்லை” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டீர்கள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 27 ஆண்டுகளாக, டீசலை இஞ்சினுக்குள் தெறிக்கிற நாசிலும் அதைத் தள்ளுகிற பம்பும் கழற்றி மாட்டுகிற கை இது. எந்த இஞ்சின் எவ்வளவு குடிக்கிறது, எவ்வளவு கக்குகிறது என்பதைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. அதனால் இதை எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

போர் வண்டியில் இரண்டு இஞ்சின் இருக்கிறது. கீழே இருப்பது லாரியின் இஞ்சின். ஆர்.சி. புத்தகத்தில் எண் ஏறியிருப்பது அதற்குத்தான். பாயிண்டுக்கு, அதாவது போர் போடுகிற இடத்துக்கு, போய்ச் சேர்வதற்கும் அங்கிருந்து கிளம்புவதற்கும் அது போதும். மேலே, லாரியின் முதுகில், காற்றை அழுத்தித் தள்ளுகிற கம்ப்ரசரை ஓட்டுகிற இஞ்சின் தனியாக உட்கார்ந்திருக்கிறது. 400 குதிரைத் திறன், 500 குதிரைத் திறன் என்று இருக்கும். கீழே ஹேமர் பாறையை இடிப்பதும் அது தள்ளுகிற காற்றில்தான், இடித்த தூள் ஆயிரம் அடிக்குக் கீழிருந்து மேலே வந்து விழுவதும் அதே காற்றில்தான். ஜாக்கி ஊன்றி வண்டியை நிறுத்தியதும் கீழ் இஞ்சின் ஓய்ந்துவிடும். மேல் இஞ்சின் அப்போதுதான் ஆரம்பிக்கும். அப்புறம் ஏழெட்டு மணி நேரம், சில பாயிண்டில் விடிய விடிய, நிற்காமல் ஓடும்.

நீங்கள் கணக்கெடுத்தது ஓய்ந்து நிற்கிற இஞ்சினை. ஓடுகிற இஞ்சினை விட்டுவிட்டீர்கள்.

‘டேட்டா இல்லை’ என்பதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஒவ்வொரு போர் வண்டியிலும் ஒரு நோட்டு இருக்கிறது. கேபினில் சீட்டுக்குப் பின்னால், கிரீஸ் விரல் பதிந்து அட்டை கறுத்துப்போய் இருக்கும். அதில் தேதி, ஊர், எத்தனை அடி, கேசிங் பைப் எத்தனை அடி, எத்தனை அடியில் தண்ணீர் தட்டியது, இஞ்சின் ஓடிய மணியைக் காட்டுகிற ஹவர் மீட்டரின் ஆரம்பம், முடிவு, டீசல் எத்தனை லிட்டர், எல்லாம் இருக்கும். மேனேஜர் அதைப் பார்த்துத்தான் முதலாளிக்குக் கணக்குச் சொல்வார், டிரில்லருக்கு அடிக்கணக்கில் படி போடுவார். பணம் சம்பந்தப்பட்ட நோட்டு என்பதால் அதில் பொய் எழுதினால் இரண்டாம் நாளே மாட்டிக்கொள்வார்கள். இந்த ஊரில் எத்தனை வண்டி இருக்கிறதோ அத்தனை நோட்டு இருக்கிறது. ஒன்றையாவது கேட்டு வாங்கிப் பார்த்தீர்களா?

நான் வாங்கிப் பார்த்தேன். என்னிடம் பம்ப் வேலைக்கு வருகிற ஒரு வண்டியின் ஒரு வருஷ நோட்டை முதலாளியிடம் கேட்டு வாங்கி, மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கூட்டினேன். லாரி ஓடியது சுமார் 15,000 கிலோமீட்டர். லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் என்று வைத்தால் 5,000 லிட்டர் டீசல். கம்ப்ரசர் இஞ்சின் ஓடியது சுமார் 1,500 மணி நேரம். மணிக்கு சராசரி 55 லிட்டர். பெருக்கினால் 82,500 லிட்டர். ஆக அந்த வண்டி குடித்த டீசலில் நூற்றுக்கு ஆறு லிட்டர்கூடக் கீழ் இஞ்சினுக்குப் போகவில்லை. அந்த ஆறு லிட்டரை வைத்துத்தான் நீங்கள் வண்டியையே பட்டியலிலிருந்து எடுத்தீர்கள்.

இதைப் புகையாக மாற்றிப் பார்ப்போம். முறை உங்களுக்குத் தெரிந்ததுதான்: இஞ்சின் செய்த வேலை எத்தனை கிலோவாட் மணி, ஒரு கிலோவாட் மணிக்கு எத்தனை கிராம் வெளியேறுகிறது, இரண்டையும் பெருக்க வேண்டும். ஒரு கிலோவாட் மணிக்கு 220 கிராம் டீசல் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 55 லிட்டர் குடிக்கிற இஞ்சின் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 200 கிலோவாட் மணி வேலை செய்கிறது. 1,500 மணி நேரத்துக்கு 3 லட்சம் கிலோவாட் மணி. கனரக லாரி இஞ்சினின் புகைக்கு அரசு வைத்த வரம்புகளில், பழைய பி.எஸ். 3 அளவுகோல் துகளுக்கு 0.10 கிராம், நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு 5 கிராம். பி.எஸ். 6 அளவுகோல் துகளுக்கு 0.01 கிராம், நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு நிலையான ஓட்டச் சோதனையில் 0.40 கிராம். நம் மேல் இஞ்சின் லாரி இஞ்சினே இல்லை, ரொம்பப் பழையது. இருந்தாலும் பி.எஸ். 3 அளவுக்குத்தான் வெளியிடுகிறது என்று குறைத்தே வைத்துக்கொள்கிறேன். அப்படியும் ஆண்டுக்கு 30 கிலோ துகள். பி.எஸ். 6 தரத்துக்கு இணையான இஞ்சின் வந்தால் 3 கிலோ. குறைவது 27 கிலோ. நைட்ரஜன் ஆக்சைடுகள் 1,500 கிலோவிலிருந்து 120 கிலோவுக்கு இறங்கும். அதாவது ஒரே ஒரு வண்டியில் 1,380 கிலோ.

இதே கணக்கைக் கீழ் இஞ்சினுக்கு மட்டும் போட்டால் துகளில் குறைவது ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல் வரும். உங்கள் பட்டியலில் இருந்த ‘இரண்டு கிலோகூடக் குறையாது’ எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீங்கள் பெருக்கியதில் தப்பு இல்லை. பெருக்க எடுத்த எண்தான் தப்பு.

புகையை நான் எண்ணாக மட்டும் பார்க்கிறவன் இல்லை. போன கோடையில் ராசிபுரம் பக்கம் ஒரு பாயிண்டில் வண்டி இழுக்கவில்லை என்று ராத்திரி பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். சந்துக்குள் வீட்டுக்கு முன்னால் வண்டி நிற்கிறது. 640 அடி ஓட்டியிருந்தார்கள். குழிக்குள் இறங்குகிற இரும்புக் குழாயான ராடு ஒவ்வொன்றும் 20 அடி. 20 அடிக்கு ஒருமுறை காற்றை நிறுத்தி, அடுத்த ராடைச் சேர்த்து, மறுபடி காற்றைத் திறக்க வேண்டும். திறக்கிற அந்த நொடியில் இஞ்சினுக்கு மொத்தச் சுமையும் ஒரே அடியாக வந்து விழும். இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போ சுற்றி எழுந்து காற்று கொடுப்பதற்குள் டீசல் உள்ளே போய்விடும். காற்று போதாமல் எரிகிற டீசல் அப்படியே கரியாக வெளியே வரும். சைலன்சரிலிருந்து ஒரு கறுப்புத் தூண் எழும்பி, சந்தில் காற்று இல்லாததால் அப்படியே கவிழ்ந்தது. ராடைத் திருப்பிக்கொண்டிருந்த பையன் சத்தீஸ்கர்க்காரன், இருபது வயது இருக்கும். தலைத்துண்டை இழுத்து மூக்கில் கட்டிக்கொண்டு நின்றான். எதிர் வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு ஈரத்துணியை இடுக்கில் செருகினார். காலையில் நான் கிளம்பும்போது அந்த வீட்டின் வெள்ளைச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் கறுப்பு விசிறி மாதிரி படிந்திருந்தது. விரலால் தொட்டேன், ஒட்டியது.

ஆயிரம் அடி போருக்கு ராடு சேர்ப்பது மட்டும் ஐம்பது தடவை. ஒரே வேகத்தில் நிதானமாக ஓடும் இஞ்சினில் எடுத்த கிராம் கணக்கில் இந்த ஐம்பது கறுப்புத் தூண்கள் எங்கே இருக்கின்றன? சோதனைக்கூட எண்ணைப் பாயிண்டில் ஓடுகிற வண்டிக்கு அப்படியே ஒட்டவைத்தால் இதெல்லாம் விட்டுப்போகும். அதனால்தான் நான் மேலே சொன்ன 30 கிலோவைக் கீழ் எல்லையாக மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அந்தப் பையனுக்கு இருமல் இருந்தது. அது புகையால் வந்த இருமல் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கல் தூளும் அவன் நெஞ்சுக்குள்தான் போகிறது. ஆனால் டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. அந்தப் புகைக்கு ஆறடி தள்ளி எட்டு மணி நேரம் நிற்கிறவனை, ‘ஒரு வண்டிக்கு இரண்டு கிலோ’ என்கிற வரிக்குள் வைத்து மூடிவிட முடியாது.

சரி, எங்கள் பக்கத்துக் குறையையும் நானே சொல்கிறேன். மறைத்தால் என் கணக்கையும் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

அளவுகோலில் உள்ள எண் புது இஞ்சினுக்கானது. என் மேஜைக்கு வருகிற நாசில்கள் புதிதாக இருப்பதில்லை. டெஸ்ட் ஸ்டாண்டில் மாட்டி நெம்புகோலை அழுத்தினால் 220 பாரில் திறக்க வேண்டியது 170-லேயே திறந்துவிடும். டீசல் பனியாகத் தெறிக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கமாகக் கோடு போட்டு ஒழுகும். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் ஒரு படி கல் தூள் விழும். இப்படிப்பட்ட இஞ்சின் அளவுகோலை எப்போதோ தாண்டிவிட்டது. அதில் கொஞ்சத்தை நாசிலையும் ஃபில்டரையும் ஒழுங்காகப் பார்த்தாலே இறக்கிவிடலாம். புது இஞ்சின் தேவையில்லை. ஆகவே பராமரிப்பால் எவ்வளவு குறைந்தது, இஞ்சின் மாற்றியதால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துப் பார்க்காமல், மொத்தத்தையும் மாற்றத்தின் பேரில் எழுதிக்கொள்வதும் தப்புத்தான். அது எங்களுக்குச் சாதகமான தப்பு என்பதற்காக நான் விட்டுவிட மாட்டேன்.

இன்னொன்று எனக்கே உறுத்துவது. வண்டி புகைகிறது என்று வந்தால் நாங்கள் செய்கிற முதல் வேலைகளில் ஒன்று டைமிங்கை, அதாவது டீசல் உள்ளே போகிற நேரத்தை, கொஞ்சம் முன்னுக்குத் தள்ளுவது. டீசல் முன்னதாக உள்ளே போய் நன்றாக எரியும், கறுப்புப் புகை குறையும், வண்டி இழுக்கும். முதலாளிக்குச் சந்தோஷம். ஆனால் உள்ளே சூடு ஏறும். சூடு ஏறினால் நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடும். அதற்குக் கறுப்பு நிறம் கிடையாது, யார் கண்ணுக்கும் தெரியாது. பல வருஷம் நான் புகையைக் குறைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு ஒன்றைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டிக்கொண்டிருந்தேன். இப்போது டீசல் வண்டிக்குப் புகைச் சான்றிதழ் கொடுக்கிற இடத்தில் ஆக்சிலேட்டரை மிதித்து புகையின் அடர்த்தியைத்தான் பார்க்கிறார்கள். துகளின் எடையும் அதில் தெரியாது, நைட்ரஜன் ஆக்சைடும் தெரியாது. அந்தச் சான்றிதழை வைத்து ‘உமிழ்வு குறைந்தது’ என்று யாராவது எழுதினால், ஒரு ஸ்பேனரை வைத்து என்னாலும் அதே மாதிரி எழுதித் தர முடியும். அதனால் அந்த வழியில் போகாதீர்கள்.

உங்கள் பட்டியலில் ‘உமிழ்வு’ என்று ஒரே கட்டம் இருந்ததும் இதே கோளாறில்தான் கொண்டுபோய் விடும். துகள் வேறு, நைட்ரஜன் ஆக்சைடு வேறு, கரியமில வாயு வேறு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு. நான் கூட்டிய நோட்டு வண்டியின் மேல் இஞ்சினுக்கு அது ஆண்டுக்கு 220 டன் ஆகிறது. சைலன்சரில் நல்ல துகள் வடிகட்டி வைத்தால் துகளில் 85 விழுக்காட்டுக்கு மேல் பிடித்துவிடும். கரியமில வாயுவில் ஒரு கிலோகூடக் குறையாது. அடைப்பு ஏறினால் டீசல் கொஞ்சம் கூடத்தான் செய்யும். சாதாரண ஆக்சிஜனேற்ற வினையூக்கி வைத்தால் துகள் 20-லிருந்து 40 விழுக்காடு குறையும், நைட்ரஜன் ஆக்சைடு அப்படியேதான் இருக்கும். எதை மாட்டுகிறோம், எது குறைகிறது என்று தனித்தனியே எழுதாத கணக்கை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

வடிகட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. இதை நான் கூட்டத்தில் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை. துகள் வடிகட்டிக்குச் சூடான புகை வேண்டும். சூடு போதாவிட்டால் பிடித்த கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும். ஊருக்குள் நின்று நின்று போகிற வண்டிகளில் இதுதான் தலைவலி. போர் வண்டியின் கம்ப்ரசர் இஞ்சின் மணிக்கணக்கில் கனத்த சுமையில் ஓடுகிறது. அதன் புகையின் சூட்டில் கரி தானாக எரிந்துபோகும். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க 10 பி.பி.எம். கந்தக (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) டீசல்தான் விற்கிறது, அதனால் முன்பு இருந்த கந்தகத் தொல்லையும் இல்லை. வடிகட்டி நன்றாக வேலை செய்யக்கூடிய இடங்களில் இது ஒன்று. ஆனால் ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கிற இஞ்சினில் மாட்டினால் ஆயில் சாம்பல் ஏறி வீணாகிவிடும். அதனால் எந்த இஞ்சினுக்கு வடிகட்டி போதும், எதை மாற்றியே ஆக வேண்டும் என்று பிரித்துச் சொல்ல ஒரு மெக்கானிக்கின் கண் வேண்டும். அந்தக் கூட்டத்தில் அழைப்புப் பெற்றவர்களில் ஒரு மெக்கானிக்கும் இல்லை. நான் முதலாளி ஒருவருக்குத் துணையாக வந்து பின்வரிசையில் உட்கார்ந்தவன்.

எல்லாவற்றையும்விட என்னை வாட்டுவது கழற்றி வைக்கிற பழைய இஞ்சின் எங்கே போகிறது என்பது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வண்டியிலிருந்து கம்ப்ரசர் இஞ்சினைச் செயின் பிளாக் போட்டு நானே இறக்கினேன். அதன் பிளாக்கில் வாட்டர் ஜாக்கெட் பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு வெல்டிங் தழும்பு இருக்கும், பழைய விரிசலுக்கு எங்கள் ஆள் போட்டது. புது இஞ்சின் ஏறியது, முதலாளி பழையதைப் புரோக்கரிடம் விற்றார். நாலு மாதம் கழித்து வடக்கே ஒரு கல் குவாரியில் வேலை பார்க்கிற தெரிந்த பையன் போனில் படம் அனுப்பி, “அண்ணா, இது பம்ப் இப்படி ஒழுகுதுங்க, என்ன பண்றது?” என்று கேட்டான். படத்தில் அந்தத் தழும்பு இருந்தது. அதே இஞ்சின், அதே ஒழுகல். இங்கே கக்கியதை அங்கே கக்கிக்கொண்டிருந்தது. இதோடு புது இஞ்சின் விடுவதையும் சேர்த்தால் மொத்தப் புகை கூடித்தான் இருக்கிறது.

எங்கள் ஊரின் பழைய வண்டிகள் ஒடிசா, சத்தீஸ்கர் என்று போவதும், கப்பல் ஏறி ஆப்பிரிக்கா வரை போவதும் இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். விற்கிறவரைக் குறை சொல்ல முடியாது, அந்தப் பணம் இருந்தால்தான் புதியது வாங்க முடியும். ஆனால் அரசுப் பணத்தில் புதியது வாங்கிக் கொடுத்து, பழையதை விற்க விட்டுவிட்டு, ‘இத்தனை கிலோ குறைத்தோம்’ என்று அறிக்கை எழுதினால் அந்த அறிக்கை பொய்யாகிவிடும்.

வெளிநாட்டில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2005-இல் சட்டம் போட்டுக் கொண்டுவந்த டீசல் உமிழ்வுக் குறைப்பு உதவியில், பழைய இஞ்சினுக்குப் பதில் புதியது வாங்கினால் பழைய பிளாக்கில் மூன்று அங்குல ஓட்டை போட்டுப் படம் எடுத்துக் காட்ட வேண்டும்.  அவர்களுடைய கணக்கிடும் கருவியில் இஞ்சின் எந்த ஆண்டுடையது, எத்தனை குதிரைத் திறன், ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எவ்வளவு எரிபொருள், எத்தனை மணி நேரம் சும்மா ஓடுகிறது என்று கேட்கிறார்கள். சாலையில் ஓடாத இஞ்சினுக்குக் கிலோமீட்டர் கேட்பதில்லை. கலிபோர்னியாவின் கார்ல் மோயர் திட்டம் 1998-லிருந்து நடக்கிறது. அங்கே இன்னொரு நிபந்தனையும் உண்டு. சட்டப்படி எப்படியும் நடந்தே தீர வேண்டிய குறைப்பைத் திட்டத்தின் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. மூன்று வருஷத்தில் தானாகவே ஓய்ந்துபோகிற இஞ்சினை மாற்றிவிட்டுப் பதினைந்து வருஷக் குறைப்பு என்று சொல்லவும் முடியாது. உங்கள் பட்டியலில் லாரிகளுக்கு அப்படித்தான் பதினைந்து வருஷம் போட்டிருந்தீர்கள். ஓய்ந்துபோகிற நிலையில் நிற்கிற பழைய லாரிக்குக் கூட்டிப் போட்டும், விடிய விடிய ஓடுகிற கம்ப்ரசருக்குச் சுழியம் போட்டும் வந்த பட்டியல் அது.

இதெல்லாம் போர் வண்டி முதலாளிகளுக்கு மானியம் வாங்கித் தரப் பேசுகிற பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். மானியம் கொடுக்கலாமா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. எங்கள் பக்கத்தில் முன்பு இருநூறு, முந்நூறு அடியில் தண்ணீர் கண்டவர்கள் இன்று ஆயிரம் அடியைத் தாண்டிப் போகிறார்கள். ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடுதலாக வேண்டும், அதற்குப் பெரிய கம்ப்ரசர், அதற்குப் பெரிய இஞ்சின், அதற்கு இன்னும் டீசல். இந்த இஞ்சின்களின் ஓட்டம் குறையப்போவதாக எனக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்ட ஒன்றைத் தரவு இல்லை என்று சொல்லி ஒதுக்கினால், இன்னும் பத்து வருஷத்துக்கு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆகவே நான் கேட்பது இவை.

‘சேர்க்கத் தேவையில்லை’ என்ற முடிவை முதலில் நிறுத்தி வையுங்கள். கம்ப்ரசர் இஞ்சினைத் தனி இஞ்சினாக எண்ணி, கிலோமீட்டரை விட்டுவிட்டு ஹவர் மீட்டரையும் டீசலையும் வைத்து மறுபடி கணக்குப் போடுங்கள். அதற்கு இந்த வட்டாரத்து வண்டிகளில் பழையது, நடுத்தரம், புதியது என்று முப்பது வண்டியின் நோட்டை வாங்கினால் போதும். முதலாளிகளிடம் பேசி வாங்கித் தருகிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதில் நாலைந்து வண்டியிலாவது, பாயிண்டில் வேலை நடக்கும்போதே, எடுத்துச் செல்லக்கூடிய கருவியை வைத்துத் துகளையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் அளக்கச் சொல்லுங்கள். ஒருமுறை வந்தபடியே, ஒருமுறை நாசிலும் ஃபில்டரும் சரிசெய்த பிறகு, ஒருமுறை வடிகட்டியோ புது இஞ்சினோ ஏறிய பிறகு. மூன்று தடவையும் ராடு சேர்க்கிற நேரம் விட்டுப்போகாமல் அளக்க வேண்டும். ஒரு வருஷம் கழித்து அதே வண்டியை மறுபடி அளக்க வேண்டும். வடிகட்டியைக் கழற்றி எறிந்திருந்தாலும் புது இஞ்சினில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க ஊற்ற வேண்டிய யூரியாவை ஊற்றாமல் ஏமாற்றி ஓட்டியிருந்தாலும் அப்போதுதான் தெரியும்.

அறிக்கையில் துகள், நைட்ரஜன் ஆக்சைடு, கரியமில வாயு மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் போடுங்கள். பழைய இஞ்சின் இன்னும் எத்தனை வருஷம் ஓடியிருக்கும் என்று எடுத்துக்கொண்டீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். உதவி பெறுகிற எந்த வண்டியானாலும், லாரியானாலும் போர் வண்டியானாலும், பழைய பிளாக்கை உடைத்ததற்கு எண்ணோடு படம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். உடைப்பதால் முதலாளிக்கு ஆகிற நட்டத்தை உதவித் தொகையிலேயே சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒருவரும் உடைக்க மாட்டார்கள்.

கணக்குத் தாளைத் தமிழில், எந்த எண் எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்போடு வெளியிடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முதலாளிகளோடு இரண்டு மெக்கானிக்குகளையும், ராடு மாற்றுகிற ஆட்களில் ஒருவரையும் அழையுங்கள்.

நான் கூட்டிய அந்த ஒரு வருஷ நோட்டின் நகல், வண்டி எண்ணை மறைத்து, இந்த மடலோடு இருக்கிறது. ஹவர் மீட்டர் எண்ணும் டீசல் அளவும் மாதவாரியாகப் பென்சிலில் கூட்டி ஓரத்தில் எழுதியிருக்கிறேன். மார்ச் மாதக் கூட்டலில் மட்டும் இரண்டு நாள் பதிவு எண்ணெய் ஊறி அழிந்திருந்தது, அந்த இரண்டு நாளை விட்டுத்தான் கூட்டினேன். சரிபார்த்துவிட்டு, எங்காவது தப்பு இருந்தால் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். தப்பு இல்லை என்றால் ஜனவரிக்குள் பதில் வேண்டும். தை பிறந்தால் போர் சீசன் தொடங்கிவிடும், வண்டிகள் ஊரை விட்டுக் கிளம்பிவிடும், அப்புறம் அளப்பதற்கு வைகாசி முடிய ஒன்றும் கையில் சிக்காது.

இப்படிக்கு,
ஒரு டீசல் பம்ப் மெக்கானிக்,
திருச்செங்கோடு.